மறக்கப்பட்ட முதல் ரபி

உலகின் முதல் பெண் ரபி, அதாவது யூத மதகுரு, என்று அமெரிக்காவின் சாலி பிரீசாண்டைத்தான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள்; அவர் பட்டம் பெற்றது 1972-இல். ஆனால் 1935 டிசம்பரிலேயே ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் ரபி ஆகிவிட்டார். பெர்லினில் படித்த அவர், பெண் ஒருத்தி ரபி ஆகலாமா என்ற கேள்வியையே 1930-இல் ஆய்வேடாக எழுதினார். சமத்துவம், நவீனம் என்றெல்லாம் வாதாடவில்லை. தல்மூது என்ற யூத மறைநூலையும் யூத மதச் சட்டத்தையும் பிரித்துப் பார்த்து, தடை சட்டத்தில் இல்லை, பழக்கத்திலும் முன்முடிவிலும்தான் இருக்கிறது என்றார். பண்டிதர்களின் களத்திலேயே இறங்கி அவர்களோடு மோதுவது சாதாரணக் காரியமா? பின்னால் வந்த எத்தனையோ பெண்ணிய ஆய்வுகளைவிட இதை நான் துணிச்சலானதாக மதிக்கிறேன். 1942-இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார், அங்கும் சொற்பொழிவாற்றினார். 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அதோடு முடியவில்லை. தெரேசியன்ஸ்டாட்டில் அவரை அறிந்திருந்து உயிர்தப்பிய ரபி லியோ பேக், மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் போன்ற பெரியவர்கள் தங்கள் எழுத்தில் அவரை அநேகமாகக் கண்டுகொள்ளவே இல்லை. இந்த மௌனத்தை மறதி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பெர்லின் சுவர் விழுந்தபின், காப்பகத்தில் கிடந்த அவருடைய காகிதங்களைத் தேடிப்பிடித்தவர் கத்தரீனா ஃபான் கெல்லன்பாக் என்ற ஆய்வாளர். அவரும் ஒரு பெண்.