சொல் அறிவோம்: ஆர்ட்டீசியன் கிணறு

நிலத்தைத் துளைத்ததும் எவரும் இறைக்காமலே தானாகப் பொங்கி எழும் நீருக்கு ஆங்கிலத்தில் ஆர்ட்டீசியன் கிணறு என்று பெயர். நம் பிள்ளைகளின் புவியியல் பாடத்திலும் இச்சொல் வருகிறது. இது எங்கே பிறந்தது தெரியுமா? வட பிரான்சில் ஆர்த்துவா என்றொரு பகுதி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அங்கு இத்தகைய கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வூர்ப் பெயரே பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்குச் சென்று, நம்மிடமும் வந்து சேர்ந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. மேட்டு நிலத்தில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்குகிறது. மேலும் கீழும் களிமண் அடுக்குகள் அதனை அடைத்துக்கொள்ள, தாழ்ந்த பகுதியில் அழுத்தத்துடன் தேங்கி நிற்கிறது. துளை விழுந்ததும் சீறி மேலே வருகிறது.

நம் பகுதிக்கும் இது புதிதன்று. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை விழுப்புரமும் திண்டிவனமும் நெய்வேலியும் தென்னாற்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. அந்த நிலக்கரிப் படிவத்தின் அடியில் இருப்பது ஆர்ட்டீசியன் நீர். இரவும் பகலும் அதனை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இல்லையேல் அடித்தரையைப் பிளந்து வெள்ளம் புகுந்துவிடும்.

ஆனால் திண்டிவனத்தைச் சுற்றியும் விழுப்புரத்திற்கு மேற்கிலும் பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அதன் விரிசல்களிலே நீர் தங்குகிறது. இங்கே ஆழ்குழாய்க் கிணறு போடும்போது தண்ணீர் பீறிடுவதைக் கண்டு மகிழ்கிறோம். அது ஊற்றின் வலிமையன்று. கம்ப்ரஸர் செலுத்தும் காற்றின் வலிமை. காற்று நின்றதும் நீரும் அடங்கிவிடும். நகையை அடகு வைத்துக் கிணறு போடும் குடும்பத்தார் பீறிட்ட உயரத்தை நம்பி மோட்டார் வாங்கிவிடலாகாது. நீர் எந்த மட்டத்தில் நிலைக்கிறது, சில மணி நேரம் இறைத்தால் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஏறுகிறது என்பவற்றை அளந்த பின்னரே வாங்குங்கள்.

ஆர்ட்டீசியன் ஊற்றாயினும் பாறை விரிசலாயினும், உள்ளே சென்ற மழைதான் வெளியே வருகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. அன்று உங்கள் வீட்டில் அமைத்த குழாய் இன்று குப்பை அடைத்துக் கிடக்கிறதா? வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டைமாடியைக் கழுவி, குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஒளுச் செய்யும் நீரிலும் சிக்கனம் பேணக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். மண்ணிலிருந்து எடுத்த நீரை மண்ணுக்கே திருப்பித் தருவதும் நம் கடமையன்றோ?