வல்லமைக்கு வசைமொழிதான் விலையா?

கெட்டிக்காரரின் கடுஞ்சொல்லை நாம் எளிதில் மன்னித்துவிடுகிறோம். சில வேளைகளில் அதற்குக் கைதட்டவும் செய்கிறோம். அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2004 நவம்பர் முதல் 2012 மே வரை 177 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஹவுஸ்’ என்னும் மருத்துவத் தொடர், பல நாடுகளில் பெற்ற வரவேற்புக்கு இம்மனப்போக்கே அடித்தளம் என்பேன்.

டேவிட் ஷோர் உருவாக்கிய இத்தொடரின் நாயகர் மருத்துவர் கிரகரி ஹவுஸ். ஆங்கில நடிகர் ஹியூ லாரி அவ்வேடத்தை ஏற்றிருந்தார். பிறர் கைவிட்ட நோய்களின் காரணத்தைக் கண்டறிவதில் ஹவுஸ் நிகரற்றவர். காலில் தீராத வலி, கையில் ஊன்றுகோல், விக்கோடின் என்னும் வலிநீக்கி மாத்திரைக்கு அடிமை. மனிதர் அனைவரும் பொய்யரே என்பது அவரது கோட்பாடு. ஆகவே நோயாளியைச் சந்திப்பதை இயன்றவரை தவிர்ப்பார், சந்தித்தாலோ ஏளனம். உடன் பணிபுரிவோரும் அவர் நாவுக்குத் தப்புவதில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நோயின் பெயர் வெளிப்படும். இழைத்த அவமதிப்புகள் மறக்கப்படும்.

இக்கவர்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. இனிக்கப் பேசி ஏமாற்றுவோரைக் கண்டு சலித்த உள்ளம், பூச்சின்றிப் பேசும் ஒருவருக்காக ஏங்குகிறது. தம் வலியைச் சுமந்துகொண்டே பிறர் நோயை ஆராய்பவர்மேல் பரிவும் பிறக்கிறது. இவை இழிவான உணர்வுகள் அல்ல. ஆனால் உண்மை பேசுதல் வேறு, புண்படுத்துதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதே இத்தொடரின் சாமர்த்தியம். அன்புள்ள ஆனால் திறமையற்ற மருத்துவரா, திறமையுள்ள ஆனால் கொடிய மருத்துவரா, யார் வேண்டும் என்று அது நம்மைக் கேட்கிறது. அந்தக் கேள்வியே பொய்யானது.

பிரிட்டனில் 1975இல் வெளியான ஆய்வொன்றை நோக்குங்கள். புதிதாக வந்த 80 நோயாளிகளுள் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி கூறிய வரலாற்றையும் மட்டுமே கொண்டு மருத்துவர் கணித்த நோய் இறுதி முடிவோடு பொருந்தியது. செவிமடுத்தல் மருத்துவரின் கருணைச் செயல் மட்டுமன்று. அதுவே அவர் தொழிலின் முதற்கருவி. பொய்யர் என முன்னரே தீர்ப்பிடப்பட்டவர் எங்ஙனம் மனம் திறப்பார்? வெட்கத்தால் மறைத்ததை, நம்பிக்கை பிறந்த பின்பன்றோ சொல்வார்!

இத்தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2008இல், அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மிரட்டலும் அவமதிப்பும் மருத்துவப் பிழைகளுக்கு வழிகோலும் என எச்சரித்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து இஸ்ரயேலில் ஓர் ஒத்திகை ஆய்வு நடத்தப்பட்டது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. இழிவுரை கேட்ட குழுக்கள் நோயைக் கணிப்பதிலும் சிகிச்சை அளிப்பதிலும் பின்தங்கின. ஏளனத்துக்கு அஞ்சிச் செவிலியர் ஒருவர் வாய்மூடி நின்றால், அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பது படுக்கையில் கிடப்பவரே.

நாயகரும் துயருற்றவராகத்தானே காட்டப்படுகிறார் என்பர் சிலர். உண்மைதான். அவர் கொடுக்கும் விலையைத் தொடர் விரிவாகக் காட்டுகிறது. அவரால் புண்பட்டு வீடு திரும்பியோர் கொடுத்த விலையைக் காட்டுவது அரிது.

இத்தொடரால் நன்மையே இல்லையா? உண்டு. ஜெர்மனியின் மார்பர்க் நகரில், இதயம் தளர்ந்து, பார்வையும் செவிப்புலனும் குன்றிய 55 வயது மனிதர் ஒருவருக்கு 2012இல் நோய்க்காரணம் தெரியாதிருந்தது. இத்தொடரைக் காட்டி மாணவர்க்குப் பாடம் நடத்திவந்த மருத்துவர் யூர்கன் ஷேஃபர், அதன் ஒரு பகுதியை நினைவுகூர்ந்து, உலோகச் செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட்டே நஞ்சாயிற்று என ஐயுற்றார். சோதனை அதை உறுதிசெய்தது. 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது. ஆனால் அங்கே உயிர் காத்தது தொடரில் பொதிந்திருந்த அறிவு, நாயகரின் நாவன்று.

எனவே தொடரைப் பாருங்கள். அதன் அறிவுக்கூர்மையை வியந்து போற்றுங்கள். ஆனால், ‘கைராசிக்காரர், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்’ என்று எவரது கொடுஞ்சொல்லுக்கும் சான்றிதழ் வழங்காதீர்கள். நோயுற்று நடுங்கும் மனிதர் திறமையையும் மரியாதையையும் ஒருங்கே பெற உரிமை உள்ளவர். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கும்படி அவரிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை.