ஒரு ரூபாய் டிக்கெட்டின் முழு விலை

குறைந்த கட்டண விமானத்தில் நிச்சயம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் முதலில் கண்ணில் படும் தொகையை நம்பினால் முடியாது.

இந்தியாவின் பெரும்பாலான குடும்பங்களுக்கு விமானம் என்பது ஒரு காலத்தில் அண்ணாந்து பார்க்கிற சமாச்சாரம். அதை மாற்றிய முயற்சி பெங்களூரில் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானின் சிறிய ஏ.டி.ஆர். விமானம் பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் இடையே பறந்தது. அதைத் தொடங்கிய ஜி.ஆர். கோபிநாத் ஹாசன் மாவட்டத்துக் கோரூரைச் சேர்ந்தவர். ராணுவத்தில் கேப்டனாக இருந்து, வேலையை விட்டு, பட்டுப்புழு வளர்த்தவர். ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூன்களில் வரும் வேட்டி கட்டிய சாமானிய மனிதர்தான் நிறுவனத்தின் அடையாளம். விமானத்தில் இலவசச் சாப்பாடு கிடையாது. சொகுசு வகுப்பு கிடையாது. டிக்கெட்டை பெட்ரோல் பங்கில்கூட வாங்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ரூபாய்க்கே இருக்கை கிடைக்கும். சூர்யா நடித்து 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' கோபிநாத்தின் சுயசரிதையைத் தழுவிய படம்.

ஒரு ரூபாய் டிக்கெட் வெறும் விளம்பரம் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது. விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கைக்கு மதிப்பு பூஜ்யம். பொழுது சாய்ந்த பிறகு கூடையில் மிஞ்சும் கீரைக்கட்டும் அப்படித்தான். ஆனால் கீரை விற்பவர் நேரம் ஆக ஆக விலையைக் குறைப்பார். விமான நிறுவனம் நேரம் ஆக ஆக ஏற்றும். கடைசி நேரத்தில் வருபவர் கட்டாயத்தால் வருகிறார், கேட்டதைக் கொடுப்பார் என்று அதற்குத் தெரியும். முன்கூட்டியே வாங்கியவரின் ஒரு ரூபாயை ஈடுகட்டியது கடைசி நாளில் வாங்கியவரின் பல ஆயிரம் ரூபாய். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து ஒரே நேரத்தில்தான் போய் இறங்கினார்கள்.

ஏர் டெக்கான் நீடிக்கவில்லை. 2007-ல் விஜய் மல்லையாவின் குழுமம் அதன் பங்குகளை வாங்கியது. 2008-ல் அது கிங்ஃபிஷரோடு இணைந்தது. 2012-ல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் டெக்கான் கற்றுக்கொடுத்த விலைக் கணக்கு மட்டும் எல்லா நிறுவனங்களிடமும் தங்கிவிட்டது. இன்று மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கீழ் அடுக்கில் சில இருக்கைகள். அவை விற்றதும் அடுத்த அடுக்கு திறக்கும். தேடத் தேட விலை ஏறுகிறது, கம்ப்யூட்டர் நம்மை வேவு பார்க்கிறது என்று பலர் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பெரும்பாலும் நடப்பது, யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு யாரோ கீழ் அடுக்கைக் காலி செய்துவிடுவதுதான். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பது போன்ற சூத்திரங்களுக்கும் இதே கதி. என்றைக்கு வாங்குகிறோம் என்பதைவிட, என்றைக்குப் பறக்கிறோம், அதற்கு எத்தனை நாள் முன்பே வாங்குகிறோம் என்பவைதான் முக்கியம்.

இந்த அடுக்கு முறையில் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு இருக்கைகளை ஒன்றாகக் கேட்கும்போது கீழ் அடுக்கில் இரண்டே மிஞ்சியிருந்தால், பெரும்பாலும் நான்குக்கும் மேல் அடுக்கு விலையே காட்டப்படும். எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் விலை பார்த்து, பிறகு நால்வருக்குப் பார்ப்பது நல்லது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு இரண்டாக வாங்கலாம். ஆனால் அப்போது அவை தனித்தனி டிக்கெட்டுகள். ஒரு டிக்கெட்டில் ஏற்படும் மாற்றம் இன்னொன்றைத் தொடாது. குழந்தையோடு போகிறவர்கள், ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாள், நேரத்தில் பிடிவாதம் இல்லாதவருக்கு லாபம் அதிகம். பெங்களூரில் வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு இரவும் எல்லோரும் பறக்க விரும்பும் நேரங்கள். புதன்கிழமை மதியத்துக்கு அவ்வளவு போட்டி இல்லை. தீபாவளி, பொங்கல் நேரத்தில் கலாசிபாளையம் ஆம்னி பஸ் டிக்கெட் எப்படி எகிறும் என்று பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விமானமும் அதே பாதையில்தான் போகிறது. பண்டிகைத் தேதி ஒரு வருடம் முன்பே காலண்டரில் இருக்கிறது என்பது மட்டுமே பயணிக்கு உள்ள அனுகூலம்.

டிக்கெட் விலைக்குப் பிறகு வருகிறது உபரிக் கட்டணங்களின் வரிசை. விலைகளை ஒப்பிடும் தளத்தில் பார்த்துவிட்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவது பெரும்பாலும் நல்லது. பெயர் திருத்தம், தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுதல் எல்லாவற்றுக்கும் நேரடியாகப் பேச ஓர் இடம் இருக்கும். அங்கும் சேவைக் கட்டணம் உண்டு. அது ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி. பிறகு ஜன்னலோரத்துக்கு ஒரு விலை, உணவுக்கு ஒரு விலை, முதலில் ஏறுவதற்கு ஒரு விலை. உதாரணத்துக்கு ஆளுக்குச் சேவைக் கட்டணம் 300 ரூபாய், இருக்கை 300, உணவு 400 என்று வைத்துக்கொள்ளலாம். நால்வர் குடும்பம் போய்வர 8,000 ரூபாய். இதில் சேவைக் கட்டணம் தவிர மற்றவை தவிர்க்கக்கூடியவை. இருக்கையைத் தேர்வு செய்யாவிட்டால் நிறுவனமே ஓர் இடம் ஒதுக்கும். அநேகமாக நடு இருக்கை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது பெரிய தண்டனை அல்ல.

கேட்காத இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ பில்லில் தானாகச் சேர்ப்பது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளின்படி முறையற்ற வணிகம். இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒருமுறை பட்டியலைப் படிப்பது நல்லது. விமான நிலைய கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனியாகப் பணம் கேட்கக்கூடாது என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் அறிவித்தது. இது பலருக்குத் தெரியாது.

பலரைக் கவிழ்ப்பது மூட்டை. உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாகக் கையில் 7 கிலோ, சரக்கறையில் 15 கிலோ. மலிவு டிக்கெட்டுகள் சிலவற்றில் கைப்பை மட்டும்தான். அதிக எடைக்கு முன்பே பணம் கட்டினால் ஒரு விலை. கவுன்டரில் தராசு காட்டிக்கொடுத்த பிறகு கட்டினால் அதைவிடக் கூடுதல். கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து ஊரிலிருந்து அரிசியும் புளியும் கொண்டுவருவதில் பாசம் இருக்கலாம், சிக்கனம் இல்லை. வீட்டிலேயே எடை பார்த்துவிடுவது உத்தமம். மாணவர்களுக்குச் சில நிறுவனங்கள் கூடுதல் எடை அனுமதிக்கின்றன. அவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் ராணுவத்தினருக்கும் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் சலுகை அடிப்படைக் கட்டணத்தில் மட்டுமே. சில சமயம் சாதாரண டிக்கெட் அதைவிட மலிவாக இருக்கும் என்பதால் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

பெங்களூர்க்காரர்கள் கணக்கில் சேர்க்க மறப்பது சாலை. ஏர் டெக்கான் தொடங்கியபோது விமான நிலையம் ஊருக்குள்ளேயே, எச்.ஏ.எல்.-லில் இருந்தது. 2008 மே மாதம் அது தேவனஹள்ளிக்குப் போனது. நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவருக்கு ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். டாக்சிச் செலவு சில நாட்களில் விமான டிக்கெட்டில் பாதியை எட்டிவிடும். பி.எம்.டி.சி.யின் வாயு வஜ்ரா பஸ்கள் நகரின் பல பகுதிகளிலிருந்து இதில் ஒரு சிறு பங்குச் செலவில் கொண்டுபோய் விடுகின்றன. தனி ஆளாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய மிச்சம் கிடையாது. நால்வர் ஒரே டாக்சியில் போனால் கணக்கு மாறும். நிலையத்தில் இரண்டு முனையங்கள் இருப்பதால் எது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாலையைச் சேர்த்துப் பார்த்தால் சில ஊர்களுக்கு விமானமே தேவையில்லை. சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஆனால் வீட்டிலிருந்து நிலையம், அங்கே காத்திருப்பு, மீனம்பாக்கத்திலிருந்து வீடு என்று கூட்டினால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். மைசூர்-சென்னை வந்தே பாரத் ரயில் பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது. கோவைக்கு 2023 டிசம்பரிலும் மதுரைக்கு 2024 ஆகஸ்டிலும் இதே வகை ரயில்கள் வந்துவிட்டன. விமானத்தின் அருமை தெரிவது டில்லி, கொல்கத்தா, குவாஹாத்தி போன்ற தொலைவுகளில்தான். கட்டடத் தொழிலாளிக்கு ரயிலில் போகவர நான்கைந்து நாள் கூலி போய்விடும் என்றால், முன்கூட்டி வாங்கிய விமான டிக்கெட் ஆடம்பரமே அல்ல.

பயணம் ரத்தானால் பணம் முழுவதும் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். இது தவறு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, டிக்கெட்டை ரத்து செய்தாலும், போகாமலே இருந்துவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். 'பணம் திரும்பக் கிடைக்காது' என்று எழுதிய சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்வதா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் வற்புறுத்த முடியாது. உள்நாட்டுப் பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது வாங்கியிருந்தால், வாங்கிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் வரை அபராதமில்லாமல் ரத்து செய்யலாம். நிறுவனம் மசியாவிட்டால் அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

இத்தனை யோசனைகளும் ஒருவருக்கு உதவாது. நாளை காலைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று இரவில் போன் வரப்பெற்றவருக்கு. அவருக்குத் தேதியைத் தள்ளிவைக்க முடியாது, புதன்கிழமைக்குக் காத்திருக்க முடியாது. மேல் அடுக்கு விலை அவருக்காகவே திறந்திருக்கிறது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த நிலை நாடு முழுவதற்கும் வந்தது. விமானிகளின் பணி, ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்குத் தக்கபடி இண்டிகோ திட்டமிடத் தவறியதால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைச் சுமக்கும் நிறுவனம் அது. பெங்களூர் விமான நிலையமும் ஸ்தம்பித்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியது. அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் வரை 12,000, ஆயிரத்து ஐநூறு வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்று தாற்காலிக வரம்பு விதித்தது. கொரோனா காலத்திலும் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை இப்படி வரம்புகள் இருந்தன.

நாடே தவிக்கும்போது வரம்பு வருகிறது. ஒரு குடும்பம் மட்டும் தவிக்கும்போது வருவதில்லை. அவசரத்துக்கென்று சில இருக்கைகளை நியாய விலையில் ஒதுக்குவது செய்ய முடியாத காரியம் அல்ல. 2017-ல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டத்தில், சிறு ஊர்களுக்கான விமானங்களின் பாதி இருக்கைகளுக்கு, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று அரசே மானியம் கொடுத்து உச்சவரம்பு வைத்தது. இடத்துக்கு வைத்த வரம்பை அவசரத்துக்கும் வைக்கலாமா என்று யோசிக்கும்வரை, விமானத்தில் மிச்சம் பிடிப்பது என்பது தன் பயணத் தேதியை முன்பே அறிந்தவர்களின் வசதியாகவே இருக்கும்.