கேமராவுக்கு வெள்ளை தெரியாது!

"காசு போட்டு நல்ல கேமரா வாங்கு, கலர் தானா வரும்" என்று சொல்லித் திரிகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

எங்க திட்டக்குடிக்குப் பக்கத்து ஊரு விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர் போனது. அங்கே விளக்கு, பொம்மை விற்கும் தெரிந்த அண்ணன் ஒருத்தர் கடன் வாங்கி ஒரு பிரீமியம் காம்பாக்ட் கேமரா வாங்கினார். சிவப்புத் துணி விரித்து, பால் வெள்ளை விளக்கை வைத்து, எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டு எடுத்தார். படத்தில் விளக்கு லேசான நீலப்பச்சை! அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு ஆர்டர் போட்டவர், வெள்ளை விளக்கு வந்ததும் "கலர் மாத்தி அனுப்பிட்டீங்க" என்று திருப்பிவிட்டார். போக வர கூரியர் செலவு அண்ணன் தலையில். பி.காம் புத்தகத்தில் 'விற்பனைத் திருப்பம்' என்று ஒரே வரி. அவருக்கோ அது அன்றைய லாபம் மொத்தமும்.

ஏன் இப்படி? கேமராவுக்கு வெள்ளை எது என்று தெரியாது, ஊகிக்கத்தான் தெரியும். படத்தின் நிறங்களைச் சராசரி எடுத்தால் சாம்பல் வரணும் என்பது பழைய ஊகம். சிவப்பு நிறைய இருந்தால் வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து அதைக் குறைத்துவிடும். பலியாவது வெள்ளை. இன்றைய கேமராக்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கும், அவ்வளவுதான்.

2012ல் சோனி ஆர்எக்ஸ்100 ஒரு அங்குல சென்சாரோடு வந்ததிலிருந்து எல்லாரும் சென்சார் அளவைத்தான் பேசுகிறார்கள். பெரிய சென்சார் மங்கிய வெளிச்சத்தில் புள்ளிகளைக் குறைக்கும், சரி. வெள்ளை எது என்று அது சொல்லித் தருமா?

"ரா ஃபைலில் எடுத்து அப்புறம் மாத்திக்கலாமே" என்பீர்கள். மாத்தலாம். எதை வைத்து மாத்துவீர்கள்? ஞாபகத்தை வைத்தா? அதுவும் ஊகம்தானே சாமி!

செய்ய வேண்டியது இரண்டே வேலை. 6500 கெல்வின் டியூப் லைட்டும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் ஒன்றை அணையுங்கள், ஒரே அளவு இரண்டுக்கும் பொருந்தாது. பிறகு பொருள் இருக்கும் இடத்தில் கிரே கார்டு வைத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் அளவெடுங்கள். ஏ4 தாள் வேண்டாம், அதை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் நீலம் அடிக்கும். வெளிச்சம் மாறினால் மறுபடி அளவெடுங்கள்.

சாதா கேமராவிலும் இந்த வசதி உண்டு. அரை நிமிஷ வேலை. இதைச் சொல்லித் தராமல் அடுத்த மாடலைக் காட்டுகிறவர், உங்கள் படத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, உங்கள் பர்ஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்.