மாமனார்... தளபதி... மரண தண்டனை!

ஒருத்தர் எவ்வளவு உழைச்சாலும், 'ஆமா... இவன் எந்த ஊரு, எந்த ஆளுங்க?'னு கேட்டே மட்டம் தட்டுற பார்ட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. ரோம சாம்ராஜ்யத்தில் அப்படி மாட்டின ஒரு தளபதிதான் இந்த வார ஹீரோ... ஸ்டிலிக்கோ!

அப்பா வாண்டல் இனம், அம்மா ரோமப் பெண். ரோமர்களுக்கு வாண்டல் என்றாலே காட்டுமிராண்டி. ஆனால், பேரரசர் தியோடோசியஸ் ஆளை எடை போடத் தெரிந்தவர். தன் வளர்ப்பு மகள் செரீனாவையே கட்டிக் கொடுத்தார். 395-ல் அவர் கண்மூட, மேற்கு ரோமின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது பத்து வயசுப் பையன் ஹொனோரியஸ். நிஜமாக நாட்டை நடத்தியது ஸ்டிலிக்கோ. 398-ல் தன் மகள் மரியாவை அந்தப் பையனுக்கே கட்டிவைத்து மாமனாரும் ஆனார். (ஆசையே இல்லாத மனுஷன்னு நான் சர்டிஃபிகேட் தரலை பாஸ்!)

அப்புறம் முழுக்க தீயணைக்கிற வேலைதான். 402-ல் இத்தாலிக்குள் புகுந்த கோத் தலைவன் அலாரிக்கை பொலெண்டியாவில் தடுத்தார். 406-ல் ராடகைசஸை ஃபியசோலேயில் மடக்கினார். ஆனால், இத்தாலியைக் காப்பாற்ற ஆட்களை இழுத்ததில் ரைன் நதிக் காவல் பலவீனமாச்சு. அந்த வருஷக் கடைசியிலேயே வாண்டல்களும் அலன்களும் ஆற்றைத் தாண்டி கால் நாட்டுக்குள் கொட்டினார்கள்.

408-ல் அலாரிக் கேட்டது 4,000 பவுண்டு தங்கம். 'கொடுத்து நம்ம பக்கம் வெச்சுக்கலாம்' என்றார் ஸ்டிலிக்கோ. செனட் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டியது. அரண்மனை அதிகாரி ஒலிம்பியஸ் பற்ற வைத்தார்... 'கிழக்கு ரோமுக்குத் தன் மகனைப் பேரரசராக்கப் பார்க்கிறார்!' பாவியா முகாமில் ஸ்டிலிக்கோவின் ஆட்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

அவர் கையிலும் படை இருந்தது. திருப்பி அடித்திருக்கலாம். ராவென்னா போய் சர்ச்சில் தஞ்சம் புகுந்தார். 'கைது மட்டும்தான்'னு சத்தியம் செய்து வெளியே கூப்பிட்டு, வந்ததும் அடுத்த கடிதத்தை நீட்டினார்கள். மரண தண்டனை! காப்பாற்றப் பாய்ந்த தன் ஆட்களைத் தடுத்துவிட்டு, அவரே கழுத்தை நீட்டினார். நாள், ஆகஸ்ட் 22. கத்தியை எடுத்திருந்தால், 'பார்த்தியா, வாண்டல் புத்தி!' என்று ஊரே சொல்லியிருக்கும். அதற்கு இடம் கொடுக்கலைனுதான் எனக்குத் தோணுது.

ஊர் அதோடு விட்டதா? ரோமப் படையில் இருந்த வெளி இன வீரர்களின் மனைவி, குழந்தைகளைக் கொன்று குவித்தார்கள். கொதித்துப்போன வீரர்கள் 30,000 பேர் அலாரிக் பக்கம் சாய்ந்ததாக எழுதுகிறார் சோசிமஸ். அதே வருஷம் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட, ஊர் கொடுத்த கப்பம்... 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, கூடவே 3,000 பவுண்டு மிளகு! (நம்ம மேற்குக் கடற்கரை மிளகுதாங்க!) 4,000 கேட்டப்போ கசந்தது. 410-ல் நகருக்குள்ளேயே புகுந்து மூணு நாள் சூறையாடினான்.

இத்தாலியின் மோன்சா கதீட்ரலில் ரெண்டு தந்தப் பலகைகள் இருக்கு. ஒன்றில் ஈட்டியும் கேடயமுமாக நிற்பவர் ஸ்டிலிக்கோ என்கிறார்கள். மற்றதில் செரீனாவும் மகன் யூகேரியஸும். சில மாத இடைவெளியில் மூணு பேரையுமே தீர்த்துக்கட்டிவிட்டார்கள்.