மீட்டர் கணக்கில் வேகம் வராது

போட்டி நீச்சல் என்றாலே தூரம்தான் என்றொரு நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. நாளுக்கு ஐயாயிரம் மீட்டராவது நீந்தாத பிள்ளை மாவட்டப் போட்டியைத் தாண்டாது. அவ்வளவு நீந்த வேண்டுமானால் 50 மீட்டர் குளம் வேண்டும், காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் வேண்டும். ஆகவே விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று அந்த நம்பிக்கை கடைசியில் முடிவு கட்டிவிடுகிறது. கந்தக பூமி என்று பேர் வாங்கிய, கிணற்றில் குதித்து நீச்சல் பழகும், கோடை வந்தால் அந்தக் கிணறும் வற்றிப்போகும் ஊர்களில் இந்தப் பேச்சு கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் எண்ணிக்கைக் கூலி பேசிப் பழகிய மண்ணில், குளத்து வேலையையும் எண்ணிக்கையால் அளப்பது இயல்பாக வந்துவிடுகிறது: இத்தனை லேப் அடித்தால் இத்தனை பலன். ஆனால் இந்தக் கணக்கின் அடிப்படையே தவறு. ஓர் இளம் நீச்சல் வீரருக்கான பயிற்சியை மீட்டரில் தொடங்கக் கூடாது. அவர் நீந்தப்போகும் போட்டியின் வேகத்தில் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் சின்னக் குளமும் ஒரு மணி நேரமும் பெரிய தடையாக நிற்காது.

தூரத்தின் மேல் நமக்கு இருக்கும் மரியாதைக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழர்களின் நினைவில் நீச்சல் வீரர் என்றால் கடல் கடந்தவர். 1954-இல் இலங்கையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கோடியக்கரை வந்து சேர்ந்தார். 1994-இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, ஐந்து கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். இரண்டும் மகத்தானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பல மணி நேரம் கடலோடு மல்லுக்கட்டுவதும், ஒரு நிமிடத்துக்குள் நான்கு லேப்பை முடிப்பதும் உடலைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு வேலைகள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் குளத்தில் ஆண்களுக்கு 14 தனிநபர் போட்டிகள், பெண்களுக்கு 14. இரு தரப்பிலும் பத்து போட்டிகள் 200 மீட்டரோ அதற்குக் குறைவோதான். 2028 லாஸ் ஏஞ்சலஸில் பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றிலும் 50 மீட்டர் சேர்கிறது. பள்ளி, மாவட்டப் போட்டிகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் நிற்பது 50, 100, 200 மீட்டர் பிளாக்குகளில்தான். கடல் வீரனின் உணவைக் குளத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

தூரம்தான் உடலின் எஞ்சினைக் கட்டுகிறது, எஞ்சின் பெரிதானால் வேகம் தானாக வரும் என்பது தூரத்தை நம்புபவர்களின் முதல் வாதம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டேவிட் காஸ்டில் குழுவினர் கல்லூரி நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சி ஒரு வேளையும், மற்றதற்கு அதையே இரு வேளையும் ஆறு வாரம் கொடுத்தார்கள். 1991-இல் வெளியான முடிவின்படி, இரட்டிப்பு நேரம் நீந்தியவர்கள் மற்றவர்களைவிட எதிலும் முந்தவில்லை. அவர்களுடைய குறுந்தூர வேகம் குறையத்தான் செய்தது. 1995-இல் இனிகோ முஹிகாவும் சகாக்களும் பிரெஞ்சு முன்னணி வீரர்களின் ஒரு முழுப் பருவப் பயிற்சியைப் பதிவுசெய்து அலசினார்கள். யாருடைய நேரம் அதிகம் குறைந்தது என்பதோடு ஒட்டிவந்தது பயிற்சியின் தீவிரம். மொத்தத் தூரமோ, வாரத்தில் எத்தனை வேளை என்பதோ ஒட்டவில்லை. இவை சிறிய குழுக்களை வைத்துச் செய்தவை, கடைசித் தீர்ப்பல்ல என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரம் வேகத்தைத் தரும் என்று அடித்துச் சொல்பவர்தான் அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். எஞ்சின் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. முழுமூச்சாக உழைக்கும்போது, ஆக்சிஜன் கொண்டு கிடைக்கும் ஆற்றலும் ஆக்சிஜன் இல்லாமல் கிடைக்கும் ஆற்றலும் சுமார் 75 நொடியில் சரிபாதியாகின்றன என்பது உடலியலாளர் கணிப்பு. அதாவது 100 மீட்டருக்கே எஞ்சின் தேவை. 200-க்கு இன்னும் தேவை. கேள்வி, அந்த எஞ்சினை எந்த வேகத்தில் ஓட்டிப் பழக்குகிறோம் என்பதுதான்.

அடுத்து சாம்பியன்களைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் எவ்வளவு நீந்தினார் தெரியுமா என்பார்கள். ஃபெல்ப்ஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒன்பது நாளில் 17 முறை குளத்தில் இறங்கியவர். அதில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியும் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையும் அடக்கம். அந்த அட்டவணைக்கு அந்தப் பயிற்சி பொருந்தியது. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நிற்கும் சாத்தூர்ப் பையனுக்கு அது ஏன் பொருந்த வேண்டும்? சாம்பியன்களையே பார்ப்போம் என்றால் கேமரன் மெக்எவாயையும் பார்க்க வேண்டும். பெருந்தூரப் பயிற்சியில் வளர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்த அந்த ஆஸ்திரேலியர், திரும்பி வந்தபோது பழைய மீட்டர் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு உடல்வலிமையையும் குறைந்த தூர முழுவேக நீச்சலையும் பிடித்துக்கொண்டார். முப்பது வயதில் பாரிஸில் 21.25 நொடியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கினார். தூரத்தால் ஜெயித்தவர்களைக் கணக்கெடுப்பவர்கள், தூரத்தால் தோள் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் முன்னணி வீரர்கள் 80 பேரை ஆராய்ந்த 2010 ஆம் ஆண்டு ஆய்வில் 91 சதவீதம் பேர் தோள்வலி இருப்பதாகச் சொன்னார்கள். தசைநாண் பாதிப்பு வாராந்தரத் தூரத்தோடும் மணி நேரத்தோடும் சேர்ந்தே ஏறியது. வலி தாங்காமல் பாதியில் விட்டுப் போன பிள்ளைகள் எந்தப் பதக்க மேடையின் புகைப்படத்திலும் இருப்பதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. தூரத்தை அடியோடு ஒதுக்கி, போட்டி வேகத்தில் மட்டுமே பயிற்சி என்ற முறையில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர் அமெரிக்காவின் மைக்கேல் ஆண்ட்ரூ. டோக்கியோவில் 200 மீட்டர் தனிநபர் மெட்லி இறுதியில் முதல் 150 மீட்டர்வரை முன்னணியில் இருந்துவிட்டு, கடைசி 50 மீட்டரில் துவண்டு ஐந்தாவதாக வந்தார். ஒருவரின் ஒரு பந்தயத்தை வைத்து ஒரு முறையையே தள்ளிவிட முடியாது என்றாலும், 200 மீட்டருக்கு மேலே போகப்போக எஞ்சினுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கை. 800, 1500 நீந்துபவருக்கு மீட்டர் வேண்டும், மறுப்பில்லை. என் மறுப்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே மீட்டர் என்பதற்குத்தான்.

தண்ணீர் கைக்குப் பழக வேண்டுமே, அது நீந்தி நீந்தித்தானே வரும் என்பது மூன்றாவது வாதம். மற்ற எல்லாவற்றையும்விடப் பயிற்சியாளர்கள் மனதார நம்புவது இதைத்தான். பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு காலம் நிற்கிறது. கை பழகும். ஆனால் எந்த வேகத்தில் நீந்துகிறதோ அந்த வேகத்துக்குப் பழகும். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 68 நொடியில் முடிக்கும் ஒரு பதினான்கு வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். இந்தப் பருவத்தில் 64 நொடி இலக்கு. அவனுக்கு வழக்கமாகக் கிடைப்பது 100 மீட்டர் 40 தடவை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பல். நாலாயிரம் மீட்டர், 80 நிமிடம். இவ்வளவையும் தாக்குப்பிடிக்க அவன் ஒவ்வொரு நூறையும் 1 நிமிடம் 40 நொடியில்தான் நீந்துவான். 25 மீட்டருக்கு 25 நொடி. போட்டியில் அவனுக்கு வேண்டியதோ 25 மீட்டருக்கு 16 நொடி. ஆக 80 நிமிடமும் அவன் பழகியது ஒருபோதும் போட்டியில் பயன்படுத்தப் போகாத ஒரு கைவீச்சை. களைப்பில் முழங்கை தாழ்ந்து, இடுப்பு அமிழ்ந்து, சுவரைத் தொட்டுச் சோம்பலாகத் திரும்பிய ஒவ்வொரு லேப்பும் அந்தக் கெட்ட பழக்கத்தை இன்னும் உறுதியாக்குகிறது.

இதே பையனுக்கு 25 மீட்டர் 20 தடவை, ஒவ்வொன்றும் 16 நொடி, 35 நொடிக்கு ஒரு கிளம்பல் என்று கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 500 மீட்டர். பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கரையில் நிற்பவர் இரண்டே இரண்டைக் குறிக்க வேண்டும்: நேரம், கைவீச்சு எண்ணிக்கை. முதல் ஐந்து தடவை 19 கைவீச்சில் 16 நொடி வரும். பதினான்காவது தடவையில் நேரம் அதே 16 ஆக இருந்தாலும் எண்ணிக்கை 23 ஆகியிருக்கலாம்; தண்ணீரைப் பிடிக்காமல் கை வழுக்குகிறது என்று அர்த்தம். அடுத்தது 17 நொடியானால் ஒரு தடவை விட்டுப் பிடிக்கச் சொல்லலாம். மறுபடியும் தவறினால் செட் அங்கேயே முடிந்தது. இருபதையும் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது. அடுத்த வாரம் பதினாறு தடவைவரை தாங்கினால், அவன் முன்னேறியிருக்கிறான் என்று நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாலாயிரம் மீட்டரை முடித்த பையனைப் பற்றி அப்படி எதைச் சொல்ல முடியும்? முடித்தான் என்பதைத் தவிர.

பிஞ்சு உடம்பை இப்படி விரட்டலாமா, முதலில் அடித்தளம் போட வேண்டாமா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேரக் கெடுபிடியே வேண்டாம். மிதப்பு, மூச்சு, நான்கு ஸ்டைல், திருப்பம், இவை போதும். கிணற்றில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிப் பழகிய பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது, ஆனால் தலையைத் தூக்கி நீந்தும் பழக்கம் இருக்கும். அதைத் திருத்துவது மெதுவான வேலை, மெதுவாகத்தான் செய்ய வேண்டும். வளர்ந்தவர்களுக்கும் தினமும் போட்டி வேகம் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் போதும், மற்ற நாள் இலகு நீச்சல். அடித்தளம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே நீந்தவைப்பதுதான் எனக்கு ஒப்பாதது. அதோடு, பிஞ்சுத் தோளை அதிகம் தேய்ப்பது 500 மீட்டர் வேக நீச்சலா, நாலாயிரம் மீட்டர் களைத்த நீச்சலா என்று அந்த அக்கறையோடேயே கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக நம் ஊர் சார்ந்த வாதம்: 50 மீட்டர் குளமில்லை, தண்ணீர் இல்லை, வெயில் தாங்காது. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தினால் மூன்று திருப்பம். 50 மீட்டர் குளத்தில் ஒன்றுதான். ஆக, சுவரைத் தள்ளி எழுவதும் நீருக்கடியில் டால்ஃபின் கிக் அடிப்பதும் சின்னக் குளத்தில்தான் அதிகம் பழகும். ஃப்ரீஸ்டைலிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் 15 மீட்டர்வரை நீருக்கடியில் போக விதி அனுமதிக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இதன் மதிப்பு புரியும். வெயில் நிஜமான சிக்கல்தான், ஆனால் அது தூர வாதத்துக்கு எதிராகவே பேசுகிறது. போட்டிக் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூரையில்லாத குளம் சித்திரை வெயிலில் அந்த அளவில் நிற்காது. சூடான நீரில் வியர்வை ஆவியாகி உடல் குளிர வழியில்லை. நீண்ட நேரம் விடாமல் நீந்துவது அங்கே ஆபத்து. 2010-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், நீர் கடுமையாகச் சூடேறியிருந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். இன்று திறந்தவெளிப் போட்டிக்கு 31 டிகிரி என்ற உச்சவரம்பு இருக்கிறது. சிவகாசிக் கோடையில் பன்னிரண்டு நிமிடச் செட்டும் கரையில் நிழலில் ஓய்வும்தான் புத்தி. பெருநகரம்தான் வேண்டும் என்பதற்கும் பதில் இருக்கிறது: 2021 ஜூன் 26 அன்று ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி தரும் ‘ஏ’ நேரத்தை எட்டிய முதல் இந்தியரான சஜன் பிரகாஷ் வளர்ந்தது நெய்வேலி நிலக்கரி நகரியத்தில். அவர் பிறகு வெளியூர்களில் பயிற்சி பெற்றார் என்பது உண்மை. நீச்சல் பிடிபட்டது நெய்வேலியில். கொரோனாக் காலத்தில் மாதக்கணக்கில் குளமில்லாமல் கிடந்து, கழுத்துக் காயத்திலிருந்தும் மீண்டுதான் அந்த நேரத்தை எட்டினார்.

தூரவாதிகளே தங்கள் வாதத்துக்கு எதிராகச் செய்யும் ஒரு காரியம் உண்டு. பெரிய போட்டிக்கு மூன்று வாரம் முன்பு மீட்டரைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுவார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று வாரத்தில் 99 வீரர்களின் நேரத்தை ஒப்பிட்டபோது சராசரியாக 2.2 சதவீதம் முன்னேற்றம் தெரிந்தது. நம் 68 நொடிப் பையனுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை நொடி. முன்பு போட்ட உழைப்புதான் இப்போது பலன் தருகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மீட்டரைக் குறைத்ததும் வேகம் வருகிறதென்றால், அதற்கு முந்தைய மாதங்கள் முழுக்க அந்தப் பிள்ளை தன் உண்மையான வேகத்தில் ஒரு லேப்கூட நீந்த முடியாத களைப்பில் கிடந்தது என்றும்தானே ஆகிறது? அந்த மாதங்களில் அவன் எங்கே தன் பந்தயத்தைப் பழகுவான்?

நான் சொல்லும் பயிற்சி ஒரு நாளில் இப்படி இருக்கும்: ஒரு லேனில் ஆறு பிள்ளைகள், ஒரு மணி நேரம், 25 மீட்டர் குளம். இலகுவாக 400 மீட்டர் வார்ம்-அப். பத்து நிமிடம் டைவும் திருப்பமும். பிறகு ஐந்து நொடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பும் வேகச் செட். 35 நொடிச் சுற்றில் ஆறு பேரும் அடங்கிவிடுவார்கள். இலகுவாக 200. அடுத்து கிக் அடிக்கும் சின்னச் செட் ஒன்று. கடைசியாக ஆற அமர நீந்தி முடித்தால் ஆயிரத்து எழுநூறு மீட்டர்கூட வராது. வாசலில் காத்திருக்கும் அப்பா எத்தனை மீட்டர் என்று கேட்டால் பயிற்சியாளர் நோட்டை நீட்டலாம்: போன வாரம் 16 நொடியில் பதினான்கு, இந்த வாரம் பதினாறு.