ஐஸ் போத்தலும் ஓர் அமானிதமும்



மண்கும்பானில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய மகன் கொழும்பில் படித்த காலத்தில் ஆசையாக வாங்கி வந்த ஒரு பிராணியை உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். அது மீனுமல்ல, பல்லியுமல்ல. நான்கு கால், நீண்ட வால், தலையின் இருபுறமும் இறகு போலச் செவுள்கள். 'ஆக்சலாட்டில்' என்பார்கள். ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே கழிக்கும் சலமாண்டர் வகை; தவளைக்குத் தூரத்து உறவு. மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைகள் அதன் பூர்வீகம். அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிட்டவர்கள், 2014இல் கண்டது சுமார் 36தான்.

நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருடம் வாழும். இதற்குப் பத்து வயதாகிறது. செவுள் சுருங்கிவிட்டது. தோலில் பஞ்சு போலப் பூஞ்சை. மண்புழுவை வாயருகே வைத்தாலும் துப்பிவிடுகிறது.

"கடலிலே விடச் சொல்லுகினம். கொன்று புதைச்சால் பாவமா மௌலவி? அது படுற பாட்டைப் பார்க்க ஏலாது" என்று அவர் கேட்டார்.

கடலில் விட்டால் உப்பே அதைக் கொன்றுவிடும். கிணற்றில் விடலாமா என்றால், அது நாம் குடிக்கும் தண்ணீர்.

பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் செய்தி உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடைமையாளர் மீது கடமை. கொடுக்க மறுப்பவரை, உண்ணத்தக்க பிராணியானால் விற்கவோ தீனி போடவோ அறுக்கவோ நிர்ப்பந்திக்க வேண்டும். உண்ணக் கூடாததானால் விற்பதும் தீனி போடுவதும்தான். அறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகக்கூட அறுக்கலாகாது என்று பின்வந்த ஷாஃபிஈ நூல்கள் விளக்குகின்றன. மருந்துக்காகத் தவளையைக் கொல்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தீராத வேதனையில் கொல்ல அனுமதிக்கும் உலமாக்களும் உண்டு. ஆனால் இந்தச் சகோதரியிடம் நான் முதலில் கேட்டது, தண்ணீரின் சூடு எவ்வளவு என்பதைத்தான்.

அங்கேதான் கோளாறு. அதற்கு 16 முதல் 18 பாகை வரையிலான குளிர் வேண்டும். நம் தீவுப் பகுதியில் பகல் வெயில் 30ஐத் தாண்டும். சூட்டில் பசி போகும், பூஞ்சை பெருகும். போத்தலில் தண்ணீர் உறையவைத்து, மூடி இறுகியபடியே தொட்டியில் மிதக்கவிட வேண்டும். ஒன்று உருக மற்றது தயாராக இருக்க வேண்டும். குளிர் மெல்ல மெல்ல இறங்க வேண்டும், ஒரேயடியாக அல்ல. கழிவை அன்றன்றே அகற்றி, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். தேங்கும் அமோனியா செவுளை எரித்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. மண்புழுவைச் சிறு துண்டாக நறுக்கி நீட்டலாம், திணிக்கக் கூடாது. அதன் தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மிருக வைத்தியரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது, இதே சகோதரி மீன் வாடியில் ஐஸ் வாங்கி அதைக் காப்பாற்றியவர். தொட்டுப் பார்க்கவே அருவருப்பாம், ஆனால் மகன் தந்த அமானிதமாம்.

போன வாரம் தகவல் வந்தது. தோலில் பஞ்சு குறைந்திருக்கிறது. சாப்பாடு இன்னும் இல்லை. இரண்டாவது போத்தல் அடுத்த வீட்டு பிரிட்ஜில் உறைகிறதாம்.